ஓடைக்கரைப் புளியில் அடித்த ஆணி

மேலப்பட்டி,
வெகுதானிய வருஷம் ஐப்பசி மாதம் 22ஆம் நாள்.

அன்பு மகள் அன்னக்கொடிக்கு அப்பா நல்லகாமன் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் கஞ்சிக்கும் மூச்சுக்கும் குறைவில்லாமல் இருக்கிறோம். கடலுக்கு அந்தப்புறம் பினாங்கில் நீயும் மாப்பிள்ளை காளையும் பேரனும் அதேபோல் சுகமாக இருக்கவேண்டும் என்று மீனாட்சியிடம் சொல்லிவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். இந்த வருஷம் மழை சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டது, ஓடையில் முழங்கால் தண்ணீர் போகிறது, நாகமலை பச்சையாக நிற்கிறது. சிவப்பி மாடு கிடேரிக் கன்று போட்டிருக்கிறது, நெற்றியில் வெள்ளை. உன் அம்மா ஒச்சாயிக்கு முழங்கால் வலி குறைந்தபாடில்லை, ஆனாலும் ஆடியில் அழகர்கோவிலுக்கு நடந்தே போவேன் என்று அடம் பிடித்துப் போய்விட்டு வந்து ஒரு வாரம் படுத்தாள். அதை நான் எழுதக்கூடாது என்று சொல்லியிருக்கிறாள், எழுதிவிட்டேன்.

நீ அனுப்பிய பார்சல் புரட்டாசிக் கடைசியில் வந்து சேர்ந்தது. பத்திரிகையில் வந்த உன் கதைகள் ஐந்தையும் கத்தரித்து நூல் கோத்து அனுப்பியிருந்தாய். கதையின் அடியில் உன் பெயரைப் போடாமல் மேலப்பட்டி மகள் என்று போட்டிருந்ததைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. பசுமலைப் பள்ளிக்கூடத்தில் உன்னைக் கொண்டுபோய் விட்டபோது பொட்டப்பிள்ளைக்கு எதற்குப் படிப்பு என்று கேட்டவர்கள் வாசலில் எல்லாம் போய் நின்று வாசித்துக் காட்டலாமா என்று இருந்தது. தை மாதம் இவை புத்தகமாக அச்சுக்குப் போகின்றன, அதற்கு முன்னால் ஒவ்வொரு கதைக்கும் என்ன தோன்றியது என்று ஒளிக்காமல் எழுதுங்கள் அப்பா என்று கேட்டிருந்தாய். ஒரு மாதமாக நான் பதில் போடவில்லை. அடுத்தடுத்து இரண்டு கார்டு போட்டுக் கேட்டுவிட்டாய். இன்றைக்கு எழுதுகிறேன், ஒளிக்காமல்தான் எழுதப்போகிறேன், அதற்குக் கொஞ்சம் தைரியம் வரவேண்டியிருந்தது.

நான் ஆறாவது வரை படித்தவன், கதைக்கு நல்லது கெட்டது சொல்ல எனக்கு ஏது யோக்கியதை. மத்தியானத்தில் உன் அம்மா கடலை ஆய்ந்துகொண்டிருப்பாள், நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு நாளைக்கு ஒரு கதையாக வாசிப்பேன். பக்கத்துக் காட்டு மொக்கைச்சாமியும் வெற்றிலையை மென்றுகொண்டு வந்து உட்கார்ந்துவிடுவான். முதல் நாள் கப்பல் கதை. வழியில் வாந்திபேதியில் செத்தவனைக் கடலில் இறக்கிவிடுகிறார்கள், கரையில் இறங்கும்போது தலை எண்ணினால் ஒன்றுகூடக் குறையவில்லை என்று முடித்திருந்தாய். வாசித்து முடித்ததும் எங்கள் மூன்று பேரையும் நானே ஒருதரம் எண்ணிப் பார்த்தேன். உன் அம்மாவுக்குப் பயம் வரவில்லை, வருத்தம்தான் வந்தது. அந்த மனுசனுக்கு யாரும் ஒரு பிடி சோறு வைக்கவில்லையா என்று கேட்டாள். மறுநாள் காலையில் கூரைமேல் காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு, இது அந்தக் கப்பல்காரனுக்கு என்றாள். உன் கதையில் செத்தவனுக்கு மேலப்பட்டியில் ஒரு கவளம் கிடைத்துவிட்டது, அதைத் தெரிந்துகொள்.

இரண்டாவது, சமையல்காரி எசமானுக்கு அரளி விதையை அரைத்துக் கொடுக்கிற கதை. இதை உன் அம்மா ஒத்துக்கொள்ளவே இல்லை. அரளி கசக்குமே, முதல் வாயிலேயே துப்பியிருப்பானே, அந்த ஆளுக்கு நாக்கு செத்துப்போச்சா என்கிறாள். எதில் கலந்தால் கசப்புத் தெரியாது என்று அவள் சொன்னதை நான் இங்கே எழுதப்போவதில்லை. முப்பது வருஷமாக அவள் கையால் சாப்பிடுகிறவன், இப்போது முதல் வாயை மட்டும் கொஞ்சம் நிதானமாக மெல்லுகிறேன். மூன்றாவது கதையைச் சிரித்துக்கொண்டு சொல்ல முடியவில்லை. புருஷன் வேலைக்குப் போனபின் பக்கத்து அறையில் யாரோ அம்மி அரைக்கிற சத்தம் ஒருத்திக்குக் கேட்கிறது, கடைசியில் அரைத்துக்கொண்டிருந்தது அவளேதான் என்று வருகிறது. அம்மா, அது நீயா? மாப்பிள்ளை துறைமுகத்துக்குப் போனால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் வருவார் என்று முன்பு எழுதியிருந்தாய். பேச ஆள் இல்லாமல் வீட்டுக்குள் அடைந்து கிடக்காதே. பக்கத்து வீட்டுச் சீனத்தி பாஷை தெரியாவிட்டால் என்ன, அவளோடு உட்கார்ந்து கீரையாவது ஆய். ஒரு சேவல் வாங்கி வளர், அது கூவுகிற கூவலில் வேறு சத்தம் கேட்காது. நாலாவது, ரப்பர் தோட்டத்துக் கூலிக்காரன் புலியாக மாறுகிற கதை. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது, புலி அம்புட்டு நேரம் நின்று நியாயம் பேசுமா. மொக்கைச்சாமி மட்டும் மாப்பிள்ளைக்கு ஒரு தாயத்துக் கட்டி அனுப்பலாமா என்று ரகசியமாகக் கேட்டான்.

இதுவரை எழுதியதெல்லாம் சுற்றி வளைத்ததுதான். அஞ்சாவது கதைக்கு வரப் பயந்துகொண்டு கன்றுக்குட்டியையும் சேவலையும் எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்தக் கதைக்கு மேல் ஓரத்தில் நீ கையால் எழுதியிருந்தாய், இது ஒன்றுதான் நடந்த கதை, அப்பா சொன்னது, அதனால் பெயரையும் ஊரையும் மாற்றவில்லை என்று. மேலப்பட்டி ஓடைக்கரைப் புளியில் தங்கப்பொண்ணு என்கிற பேய் உட்கார்ந்திருக்கிறது. பசியோடு செத்தவள். முழங்கால் வரைக்கும் தொங்குகிற முடியைச் சீவிக்கொண்டே அந்த வழியாக வரும் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தின்கிறாள். ஒருவன் வந்து அவள் முடியைச் சுற்றி மரத்தில் ஆணி அடித்துக் கட்டிவிடுகிறான். வருஷத்துக்கு ஒரு நெல் அளவு அந்த ஆணி வெளியே வந்துகொண்டிருக்கிறது என்பது கடைசி வரி. மொக்கைச்சாமி எழுந்து போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, நம்ம புள்ள அப்படியே உள்ளதை எழுதியிருக்கு என்றான். ஐந்து கதையிலும் அதுதான் நல்ல கதை. அதில் ஒரு சொல்கூட உண்மை கிடையாது மகளே. அந்த ஆணியை அடித்தவன் நான்.

விஷக்காய்ச்சல் வந்து ஊருக்கு ஊர் ஆட்கள் செத்த வருஷத்தில் உனக்கு ஆறு வயது. சேரியில் சுருளி என்று நம் காட்டில் ஏர் ஓட்டினவன் இருந்தானே, அவன் பெண்டாட்டிதான் தங்கப்பொண்ணு. நமக்குக் களை பறிப்பாள், புளி தட்டுவாள். கார்த்திகையில் நாலு நாள் காய்ச்சலில் கிடந்து அவள் குடிசையில் அவள் பாயில் செத்தாள். ஊரில் அந்த மாதம் செத்த பதினேழு பேரில் அவளும் ஒருத்தி, அதற்குமேல் அந்தச் சாவில் ஒன்றும் இல்லை. அந்த வருஷம் மழையும் இல்லை, மானாவாரி காய்ந்துபோனது, ஓடைக்கரையில் நம் மூன்று புளிதான் காய்த்து நின்றது. சேரிக்குப் போகிற பாதை அந்த மரத்தடியில் போகிறது. போகிறவர்கள் கல்லெறிந்து நாலு பழம் பொறுக்குவார்கள், பசிதானே. எனக்கு அது பொறுக்கவில்லை. முடி சுற்றின ஆணியை ஒரு மரத்தில் பார்த்துவிட்டால் பேயைக் கட்டிப்போட்ட மரம் என்று நம் பக்கத்தில் ஒரு குஞ்சு குருவி அண்டாது. தண்ணீர் இறைக்கிற கமலைக்கு வைத்திருந்த இரும்பாணி ஒன்று கிடந்தது. உன் அம்மா தலை சீவிவிட்டுக் கூரை இடுக்கில் சொருகி வைத்திருந்த சிக்குமுடியை எடுத்து அதில் சுற்றி, ஆள் நடமாட்டம் இல்லாத உச்சி வெயிலில் போய் நடுமரத்தில் அடித்துவிட்டு வந்தேன். அப்போது யார் பெயரும் என் மனசில் இல்லை, அது சத்தியம். காவல் வைத்தேன் என்றுதான் நினைத்தேன்.

மூன்றாம் நாள் மொக்கைச்சாமி பார்த்துவிட்டு ஓடிவந்தான். யாரைக் கட்டியிருப்பார்கள் என்று அவனே கேட்டு அவனே பதிலும் சொன்னான், தங்கப்பொண்ணாகத்தான் இருக்கும், எம்புட்டு முடி பாரு என்று. நான் ஆமாம் என்று வாயால் சொல்லவில்லை. தலையை ஆட்டினேன். இருபது வருஷமாக அந்தத் தலையாட்டலை நினைத்துப் பார்க்கிறேன். சேரி வீட்டுப் பெயர் என்பதால்தான் அம்புட்டு லேசாக ஆட்டினேன். நம் தெருவில் செத்த ஒருத்தியின் பெயரை அவன் சொல்லியிருந்தால் அங்கேயே அவனை அடிக்கக் கை ஓங்கியிருப்பேன்.

அந்த வருஷப் புளி ஒன்றுகூடக் களவு போகவில்லை. பிறகு நடந்ததுதான் என்னை அரிக்கிறது. எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் தங்கப்பொண்ணு தொட்டுவிட்டாள் என்றார்கள். சுருளி இருந்த ஒரு ஆட்டையும் வெட்டிப் படையல் போட்டான், எதற்குப் போடுகிறோம் என்று தெரியாமலே போட்டான். ஒன்பது வயது மகள் முருகம்மாளோடு எந்தப் பிள்ளையும் விளையாட வரவில்லை. ஒரு கட்டத்தில் அவளை அத்தைக்காரியிடம் விட்டுவிட்டுச் சுருளி கண்டித் தோட்டத்துக்குப் போனவன் திரும்பவே இல்லை. பேய் மகள் என்று பேர் விழுந்து, நாலு இடம் பேசிக் கலைந்து, கடைசியில் மூத்தாள் செத்த ஒருவனுக்கு அவளைக் கொடுத்தார்கள். இத்தனையும் என் கண் முன்னால் நடந்தது. ஒவ்வொரு தரமும் இப்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பேன், சொன்னால் என்ன நினைப்பார்கள் என்று மூடிக்கொள்வேன். ஏன் அங்கே போகக்கூடாது என்று நீ கேட்டபோது, நீண்ட முடி, சீப்பு, பெயர் சொல்லிக் கூப்பிடுவது எல்லாவற்றையும் உன்னை மடியில் வைத்துக்கொண்டு நான்தான் ஜோடித்தேன். நீ பயந்து என் வேட்டியைப் பிடித்துக்கொண்டதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது. உன் அஞ்சாவது கதையில் பாதி என்னுடையது அம்மா, அதனால் உன்மேல் ஒரு குற்றமும் இல்லை.

கதையை வாசித்த அன்று மொக்கைச்சாமி போனபின் உன் அம்மா கடலையை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். அந்த வருஷம் சவுரி கட்டுகிறவளிடம் கொடுக்க வைத்திருந்த என் முடி காணாமல் போனதே என்று மெதுவாகக் கேட்டாள். இருபது வருஷத்துக்கு முந்திய சிக்குமுடி அவளுக்கு நினைவு இருக்கிறது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் சோற்றை மட்டும் வைத்துவிட்டுப் போனாள். மூன்றாம் நாள், எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப் போகுது, யாருகிட்டச் சொல்லணுமோ அவகிட்டப் போய்ச் சொல்லுங்க என்றாள். அதற்கும் பதினைந்து நாள் தள்ளிப் போட்டேன். மழை என்றேன், இடுப்பு வலி என்றேன். முருகம்மாள் மகள் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது படிக்கிறாள், எழுத்துக் கூட்டி வாசிக்கிறாள். பினாங்கிலிருந்து ஊருக்கு வருகிற யார் பெட்டியிலாவது உன் புத்தகம் வரும், தன் அம்மாவைப் பெற்றவள் பிள்ளை தின்கிற பேய் என்று அந்தக் குழந்தை அச்சில் வாசிக்கும். அது நினைவுக்கு வந்த பிறகு என்னால் சாக்குச் சொல்ல முடியவில்லை.

போன திங்கட்கிழமை முருகம்மாள் நம் வயலில் எட்டுப் பெண்களோடு களை பறித்துக்கொண்டிருந்தாள். தனியாகக் கூப்பிட்டேன், அவள் வரப்புக்கு வரவில்லை. என்னமோ விஷயம் என்று என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். "இங்கனயே சொல்லுங்கய்யா, எல்லாரும் கேக்கட்டும்" என்றாள். அந்த எட்டுப் பேருக்கு முன்னாலும் நின்று சொன்னேன். ஆணியைச் சொன்னேன், முடியைச் சொன்னேன், தலையாட்டினதைச் சொன்னேன். ஒருத்தியும் நிமிரவில்லை, கையில் பிடித்த களை கையிலேயே இருந்தது. உன் கதையையும் சொன்னேன். அதை வாசிச்சுக் காட்டுங்க என்றாள். வீட்டுக்கு வந்து எடுத்துக்கொண்டு போய் வரப்பில் நின்றுகொண்டே முழுதும் வாசித்தேன். அவள் அம்மாவின் பெயர் வருகிற இடத்தில் எல்லாம் என் குரல் இறங்கிப்போனது, கேக்கலைய்யா, சத்தமா வாசிங்க என்று இரண்டு தரம் சொன்னாள். நீ என்னிடம் அபிப்பிராயம் கேட்டாய். உன் கதையைக் கேட்டவர்களில் அவள் சொன்னதுதான் அபிப்பிராயம், அப்படியே எழுதுகிறேன். "கதை நல்லாருக்குய்யா, எனக்கே மேலு நடுங்குது. எங்க ஆத்தா செத்த வருசத்து ஆடியிலதான் எனக்குத் தம்பிப் பய பொறக்கணும்னு வேண்டிக்கிட்டு அழகர்கோவில்ல மொட்டை எடுத்துட்டு வந்தா. சாகையில அவ தலையில மூணு வெரக்கட முடிதான். முழங்கா வரைக்கும் எங்கருந்துய்யா வந்துச்சு?"

மகளே, அவள் சொன்னது சரி. அந்த ஆடியிலிருந்து ஐப்பசி வரைக்கும் மொட்டைத் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு அவள் நம் வயலில்தான் வேலை செய்தாள். நான் பார்த்தேன். மொக்கைச்சாமியும் பார்த்தான். ஊரே பார்த்தது. ஆணியில் இருந்த அம்புட்டு முடி அவளுடையது இல்லை என்று கண் இருந்த யாருக்கும் தெரிந்திருக்கும், ஒருவரும் யோசிக்கவில்லை, நான் யோசிக்க விரும்பவில்லை. முருகம்மாள் அதற்குப் பிறகு இன்னொன்றும் சொன்னாள். "அந்த மரத்தைச் சுத்திக்கிட்டுக் காட்டு வழியாத்தான்யா சின்னப்புள்ளையில போவேன். பெத்த ஆத்தாளுக்கே பயந்து வளந்துருக்கேன்." அழவில்லை, திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஒன்பது வயதில் செத்த தாயை நினைத்து அழவேண்டிய பிள்ளை, அந்தத் தாயை நினைத்து ஓடியிருக்கிறது. இதை எந்தப் பேய் செய்யும்.

ஆணியைப் பிடுங்கிருங்கய்யா என்றாள். கடப்பாரையும் உளியும் எடுத்துக்கொண்டு போனேன், பாதி ஊர் தூரத்தில் நின்று பார்த்தது. உன் கதையில் ஆணி வெளியே வருகிறது. நிஜத்தில் மரம் அதை உள்ளே இழுத்து மூடியிருந்தது, பட்டையைக் கொத்தித்தான் கண்டுபிடித்தேன். கட்டு அவிழ்ந்தால் ஊர் தாங்காது என்று மொக்கைச்சாமி கத்தினான். முருகம்மாள் மட்டும் மரத்தடியில் என் பக்கத்தில் வந்து நின்றாள், அவள் அங்கே வந்து நிற்பது அதுதான் முதல் தடவை. துருப்பிடித்து வந்த ஆணியில் முடி ஒன்றும் மிச்சமில்லை. அதை அவளிடம் நீட்டினேன், ஏன் நீட்டினேன் என்று தெரியவில்லை. ஒங்க பொருளுய்யா, நீங்களே வச்சுக்கங்க என்று சொல்லிவிட்டுக் களை பறிக்கப் போய்விட்டாள். இந்தக் காகிதம் காற்றில் பறக்காமல் அதைத்தான் மேலே வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதே. தங்கப்பொண்ணு பேய் நல்லகாமனைப் பிடித்து அப்படிச் சொல்ல வைக்கிறது என்று மொக்கைச்சாமி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறான், பாதிப் பேர் அதைத்தான் நம்புகிறார்கள். நான் ஒரு தலையாட்டலில் செய்ததை ஒரு வாரமாக வாய் வலிக்கச் சொல்லியும் கலைக்க முடியாது போலிருக்கிறது. ஆனால் அந்த எட்டுப் பெண்களில் இரண்டு பேர் நேற்று அந்த மரத்து நிழலில் தூக்குச்சட்டியைத் திறந்து சாப்பிட்டார்கள், அதை நான் பார்த்தேன்.

இப்போது உன்னிடம் கேட்கவேண்டியது. அந்தக் கதையைப் புத்தகத்திலிருந்து எடுத்துவிடச் சொல்லி எழுதட்டுமா என்று நேற்று முருகம்மாளிடம் கேட்டேன். அவள் யோசித்துவிட்டு, வேண்டாம் என்றாள். "ஆத்தா பேரு எழுத்துல இருக்கட்டும்யா. வேற எங்கயும் இல்ல. பேயா இல்லாம இருக்கட்டும்" என்றாள். இப்படி ஒரு கதையைத் திருத்த முடியுமா என்று எனக்குத் தெரியாது, உனக்குத் தெரியும். பயம் குறைந்துபோகும் என்று கவலைப்படாதே. ஆணி அடித்தவன் இடத்தில் என்னை வை. நல்லகாமன் என்றே பெயர் போடு, மேலப்பட்டி என்றே போடு, எனக்கு ஒரு சங்கடமும் இல்லை, சங்கடம் இருந்தாலும் போடு. நடுப்பகலில், பசி இல்லாதவன் ஒருவன், பசித்தவர்கள் பொறுக்கித் தின்னக்கூடாது என்று கையில் சுத்தியலோடு போகிறான், அதைவிடப் பயமான கதை உன் ஐந்தில் ஒன்றுமில்லை. உன் அப்பாவைப் பற்றி நீ நினைத்து வைத்திருந்தது இதை வாசித்ததும் மாறிப்போகும். மாறட்டும். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடாமல் இருக்க எனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது, அதனால்தான் எழுதி முடித்த கையோடு உன் அம்மாவிடம் கொடுத்துச் செக்கானூரணித் தபாலாபீசுக்கு அனுப்பப்போகிறேன்.

மீனாட்சியும் அழகரும் உன்னையும் மாப்பிள்ளையையும் பேரனையும் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும், நீ நூறு கதை எழுதி நூறு வயது இரு. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்க மறக்காதே, பேரனுக்குக் கஷாயம் கொடு, சேவல் வாங்கினாயா என்று பதிலில் எழுது. அச்சுக்குப் போகுமுன் திருத்த உட்கார்ந்தால், முதலில் அந்த முடியைத் திருத்து. மூன்று விரற்கடை. தம்பிப் பயலுக்காக அழகருக்குக் கொடுத்துவிட்டு வந்தவள்.

இப்படிக்கு,
உன் கதையில் இனிமேல் வரவேண்டியவன்,
உன் அப்பா நல்லகாமன்.